வெண்கலம் டீச்சரும் சுவரில்லாக் கூடமும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூன்றாம் வகுப்பு ஆசிரியை. இருபத்திரண்டு வருட சர்வீஸ். காலையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்த மற்ற ஆசிரியர்கள் விசிலைத் தேடிக்கொண்டிருக்கும்போது, இவர் படியில் நின்று ஒரு தடவை "ம்" என்றால் போதும். மைதானத்தின் கடைசி மூலையில் உருண்டுகொண்டிருக்கும் பந்தும் நிற்கும். அப்படித்தான் வெண்கலம் டீச்சர் ஆனார். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு தலைமையாசிரியையே கூட்டங்களில், "வெண்கலம், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். டீச்சருக்கு அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. கணவர் பஸ் கண்டக்டர். "வாயை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற குடும்பம் எங்களுது" என்று தானே சொல்லிச் சிரிப்பார்.

பழைய கட்டடம் இருட்டு. முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர்கள், கைக்கு எட்டாத உயரத்தில் சின்னச் சின்ன ஜன்னல்கள். ஐந்தாம் வகுப்பின் மேற்கூரையிலிருந்து காரை பெயர்ந்து, நல்லவேளையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத பெஞ்சின்மேல் விழுந்தது. அதற்குப் பிறகுதான் புதுக் கட்டடத்துக்கு உத்தரவு வந்தது. வடிவமைப்புக் குழுவில் ஆசிரியர்கள் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்று துறையிலிருந்து கடிதம் வந்ததும், தலைமையாசிரியை யோசிக்கவே இல்லை.

"நீங்களே போயிட்டு வாங்க. அங்க பேசத் தெரிஞ்ச ஆள் வேணும்."

முதல் கூட்டத்தில் மேசைமேல் அட்டையில் செய்த பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. கட்டடக்கலைஞர் முப்பத்தைந்து வயதுக்காரர். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார், காதில் பென்சில். அவர் அட்டைக் கூரையை இரண்டு கையாலும் மெல்லத் தூக்கி ஓரமாக வைத்தார். உள்ளே மூன்று பெரிய கூடங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு வகுப்புகள். நடுவில் உட்கார்ந்து படிக்க அகலப் படிகள், பிள்ளைகளின் கண் உயரத்தில் வட்ட வட்ட ஜன்னல்கள், அவற்றில் ஏறி உட்கார மேடை. நகத்தளவு காகிதப் பிள்ளைகள் அங்கங்கே நின்றார்கள். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் இல்லை.

டீச்சர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இருபத்திரண்டு வருடம் டியூப் லைட் வெளிச்சத்தில் பாடம் நடத்தியவருக்கு, அந்த அட்டைக் கூடத்துக்குள் ஜன்னல் வழியாக நிஜ வெயில் விழுந்தது எப்படியோ இருந்தது.

"எல்லாம் நல்லாயிருக்கு சார். ஆனா சத்தம்?" என்று கேட்டார்.

"நல்ல கேள்வி டீச்சர். மேல முழுக்கச் சத்தத்தை உறிஞ்சுற பலகை வரும். நடுவுல கனமான திரை, இழுத்து மூடிக்கலாம். பக்கத்து வகுப்பு பேசுறது முணுமுணுப்பாத்தான் கேக்கும்."

அவர் பொய் சொல்லவில்லை. வரைபடத்தில் பலகையும் இருந்தது, திரையும் இருந்தது.

அடுத்தடுத்த கூட்டங்களில் டீச்சர் சொன்னதெல்லாம் படத்தில் ஏறியது. கை கழுவும் தொட்டி ஒரு சாண் இறங்கியது. கழிப்பறை கூடத்துக்குப் பக்கத்திலேயே வந்தது. பை மாட்டும் கொக்கிகள் கூர்மையில்லாத மரமுளைகளாயின. ஒருநாள் அந்தக் கட்டடக்கலைஞர் பழைய பள்ளிக்கே வந்து, வராந்தாத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்தார். டீச்சர் வீட்டுக்குப் போய் கணவரிடம், "படிச்ச திமிரே இல்லைங்க அந்தப் பையனுக்கு" என்றார்.

பள்ளியில் எதிர்ப்பு ஒருவரிடமிருந்துதான் வந்தது. நான்காம் வகுப்பின் கணக்கு சார். "சுவரில்லாம வகுப்பா? அதுக்குப் பேரு சந்தை" என்றார். டீச்சர் விடவில்லை. காலம் மாறிவிட்டது, பிள்ளைகளைப் பெட்டிக்குள் அடைத்த காலம் போய்விட்டது என்று, கட்டடக்கலைஞரிடம் கேட்டதை அப்படியே, ஆனால் இரண்டு மடங்கு சத்தமாகச் சொன்னார். அந்தக் குரலுக்கு முன்னால் கணக்கு சார் என்ன செய்வார். "சரி, நடத்துங்க" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏழாவது கூட்டத்தில் எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பழைய கூரையில் இன்னும் இரண்டு இடத்தில் விரிசல். துறைப் பொறியாளர் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார். செலவைக் குறைக்க மாற்றிய வேலைகளின் பட்டியல். டீச்சர் விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். பதினோராவது வரி: கூரைப் பலகைகள், தடுப்புத் திரைகள் – இரண்டாம் கட்டம்.

"இரண்டாம் கட்டம்னா எப்போங்க சார்?"

"கட்டடம் திறந்ததும் வந்துரும்மா" என்றார் பொறியாளர், அடுத்த தாளைத் தேடிக்கொண்டே.

டீச்சர் கட்டடக்கலைஞரைப் பார்த்தார். அவர் தலை நிமிரவில்லை. அவருடைய வட்ட ஜன்னல்களைச் சதுரமாக்கச் சொல்லி இன்னொரு வரி இருந்தது. அதைக் காப்பாற்றும் கவலையில் அவர் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். வட்ட ஜன்னல்கள் தப்பின.

திறப்பு நாளில் பிள்ளைகள் கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் செய்த காரியம், அண்ணாந்து பார்த்துக் கூவியது. அந்தக் கூவல் மேலே போய், சிமெண்டுக் கூரையில் பட்டு, கண்ணாடியில் பட்டு, பளபளத்த தரையில் பட்டுத் திரும்பி வந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மறுபடியும் கூவினார்கள். பெரியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார்.

ஒரு கூடத்துக்கு நூற்று நாற்பது பிள்ளைகள். மூன்றாம் நாள் டீச்சர் டிக்டேஷன் வைத்தார். "மழை" என்றார். "குடை" என்றார். நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தபோது பாதிப் பிள்ளைகள் மழைக்கு அடுத்து ஐம்பத்தாறு என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் கணக்கு சார் எட்டாம் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தார். மத்தியானம் அவர் டீ டம்ளரோடு வந்து நின்றார்.

"என் பிள்ளைங்க கணக்குல மழை பெய்யுது டீச்சர்" என்றார். சிரிக்கவில்லை.

ஒருவர் குரலை உயர்த்தினால் அடுத்தவரும் உயர்த்த வேண்டும். அவர் உயர்த்தினால் இவர். சாயங்காலமானால் நான்கு ஆசிரியர்களும் சண்டை போட்டு ஓய்ந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். டீச்சரிடம்தான் பெரிய குரல் இருந்தது. அதனால் மற்ற மூவரும் அவரைத்தான் துரத்த வேண்டியிருந்தது. இது அவருக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. புரிந்த பிறகும் குரலை இறக்க முடியவில்லை. இறக்கினால் தன் பிள்ளைகளுக்கே கேட்கவில்லை.

தலைமையாசிரியை இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஒரு சின்ன ஒலிபெருக்கியை டீச்சருக்கு வாங்கிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் மற்ற மூவரும் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். நான்கு ஒலிபெருக்கிகளும் ஒரே நேரத்தில் ஓடிய அன்று, பக்கத்துக் கூடத்து ஒன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுதது. நான்கும் அலமாரிக்குள் போயின.

டீச்சரின் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். தையல்காரம்மாவின் மகள். வலது காது கேட்காது. பழைய கட்டடத்தில் முதல் பெஞ்சில், இடது காது டீச்சர் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார வைத்தால் போதும், எல்லாப் பாடத்திலும் கை தூக்குவாள். புதுக் கூடத்தில் எந்தப் பக்கம் உட்கார வைத்தாலும் எல்லாப் பக்கத்திலிருந்தும் சத்தம். முதலில் டீச்சரின் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வட்ட ஜன்னலில் ஏறி உட்கார்ந்து வெளியே பார்க்க ஆரம்பித்தாள். அரையாண்டுப் பரீட்சையில் வெறும் தாள் கொடுத்தாள்.

அவள் அம்மா விரலில் நூல் சுற்றியபடியே வந்து நின்றார்.

"வீட்டுல நல்லாத்தான் படிக்கிறா டீச்சர். இங்க எல்லாரும் அவளை மக்குன்னு சொல்றாங்களாம். என்ன ஆச்சுன்னு எனக்குப் புரியலை."

"கொஞ்ச நாள் பொறுங்கம்மா. பலகை வரப்போகுது. வந்தா சரியாயிடும்" என்றார் டீச்சர். அதற்குள் அவர் குரலே கரகரவென்று ஆகியிருந்தது.

பலகை வரவில்லை. தலைமையாசிரியை மூன்று கடிதம் எழுதினார். பரிசீலனையில் உள்ளது என்று மூன்று பதில் வந்தது. ஆசிரியர்கள் பொறுக்க முடியாமல் அலமாரிகளையும் அறிவிப்புப் பலகைகளையும் இழுத்துப்போட்டு, வகுப்புகளுக்கு நடுவே ஆளுயரத்துக்குத் தடுப்பு கட்டினார்கள். சத்தம் அதற்குமேல் தாண்டி வந்தது. ஆனாலும் பக்கத்து வகுப்பின் முகங்கள் தெரியாததே ஒரு நிம்மதி.

அப்போதுதான் அந்தக் கட்டடம் ஏதோ ஒரு விருதுக்குப் போட்டியில் இருப்பதாகவும், நடுவர்கள் நேரில் பார்க்க வருவதாகவும் தகவல் வந்தது. தலைமையாசிரியை அலமாரிகளை எடுக்கச் சொன்னார்.

"ஒரே ஒரு நாள். மேலிடத்து உத்தரவு. என் தலையை உருட்டாதீங்க."

அன்று பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் மௌன வாசிப்பு. நூற்று நாற்பது பிள்ளைகள் படிகளிலும் ஜன்னல் மேடைகளிலும் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க, வெயில் வட்ட வட்டமாகத் தரையில் கிடந்தது. அட்டையில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. டீச்சரே ஒரு நிமிடம் மறந்து நின்றார்.

வயதான நடுவர் ஒருவர் அவர் அருகில் வந்து, "இந்தக் கூடத்துல பாடம் நடத்துறது எப்படி இருக்கும்மா?" என்று கேட்டார்.

டீச்சருக்கு அந்த வாரம் குரல் சுத்தமாகப் போயிருந்தது. "கஷ்டமா இருக்கு சார்" என்று சொல்ல வாயெடுத்தார். காற்றுதான் வந்தது. நடுவர் குனிந்து காதைக் கொடுத்தார். தலைமையாசிரியை பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழகிட்டோம்" என்றார் டீச்சர், அதே காற்றில்.

நடுவரின் முகம் மலர்ந்தது. கூட வந்தவர்களிடம் திரும்பினார். "கவனிச்சீங்களா? டீச்சரே ரகசியம் மாதிரி பேசுறாங்க. இந்த இடம் மனுஷங்களை அப்படி மாத்தியிருக்கு."

டீச்சர் மறுத்துச் சொல்லவில்லை. தலையாட்டினார் என்றுகூடச் சொல்லலாம். விருது வந்தது. நுழைவாயிலில் வெண்கலத் தகடு பதித்தார்கள். கணக்கு சார் அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வந்து, டீச்சரின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல்நாணில் இரண்டு பக்கமும் முடிச்சுகள். ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அதுதான் இன்னும் கெடுதல் என்றார். "எவ்வளவு திரும்பி வரும்னு அப்புறம்தான் சொல்ல முடியும்."

அந்த ஆறு வாரமும் வீட்டில் டீச்சர் ஒரு நோட்டில் எழுதிக் காட்டினார். கணவருக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் ஏனோ அவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நாள் முழுக்கப் பஸ்ஸில் கத்திவிட்டு வருகிற மனிதர் சமையலறை வாசலில் நின்று, "டீ போடவா?" என்று ரகசியமாகக் கேட்பார். டீச்சர் நோட்டில் எழுதுவார்: எனக்குத்தான் பேச்சு இல்லை. நீங்கள் பேசலாம். அவர் படித்துவிட்டு, "ஆமாமில்ல" என்பார், அதையும் ரகசியமாக.

நாலாவது வாரம் ஒருநாள் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது டீச்சர் நோட்டை அவர் பக்கம் தள்ளினார். அதில் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தது. பதினோராவது வரியைப் பற்றி, பேனாவைத் திறந்ததைப் பற்றி, நடுவரிடம் சொன்னதைப் பற்றி. அவர் இரண்டு முறை படித்தார்.

"நீ ஒருத்தி போடாட்டியும் கட்டியிருப்பாங்க."

டீச்சர் எழுதினார்: தெரியும். ஆனால் நான் போட்டேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

டீச்சர் பள்ளிக்குத் திரும்பியபோது குரல் பாதிதான் வந்திருந்தது. உடைந்த குழாயில் காற்று போகிற மாதிரி. அவருடைய வகுப்பை ஒரு தற்காலிக ஆசிரியை பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் அலுவலக அறையில் உட்கார்ந்திருந்த அந்த முதல் நாளே தையல்காரம்மா வந்தார். மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்றார்.

"இரண்டு பஸ் மாறிப் போகணும். ஆனா அங்க சின்னச் சின்ன ரூமா இருக்கு டீச்சர்."

சான்றிதழை டீச்சரே எழுதினார். படிப்பு என்ற இடத்தில் "நன்று" என்று எழுதினார். தலைமையாசிரியை மதிப்பெண்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலமே டீச்சர் கட்டடக்கலைஞருக்குக் கடிதம் எழுதினார். நீளமாக இல்லை. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, யாரிடமும் சொல்லாமல் வாருங்கள், ஒரு பென்சில் மட்டும் கொண்டு வாருங்கள் என்று.

அவர் வந்தார். டீச்சர் அவரை மூன்றாம் வகுப்பில், நடு வரிசையில், பிள்ளைகளின் குட்டை நாற்காலியில் உட்கார வைத்தார். முழங்கால் மோவாயை இடித்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். தற்காலிக ஆசிரியை டிக்டேஷன் வைத்தார். பத்து வார்த்தை. சுற்றிலும் மூன்று வகுப்புகள் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தன. முடிந்ததும் டீச்சர் அவருடைய தாளை வாங்கித் திருத்தினார். நாலு தவறு. ஒரு இடத்தில் ஒன்றுமே எழுதாமல் கோடு போட்டிருந்தார்.

பள்ளி விட்ட பிறகு இருவரும் படிகளில் உட்கார்ந்தார்கள். அவர் மேலே பார்த்தார். பலகைகளுக்காக விட்ட கொக்கிகள் சிமெண்டில் வரிசையாகத் தெரிந்தன.

"நான் அன்னிக்கு அதை எதிர்த்திருக்கணும் டீச்சர். ஜன்னலுக்காக அவங்களோட மல்லுக்கு நின்னேன். பலகையை விட்டுட்டேன். போட்டோல பலகை தெரியாது, ஜன்னல் தெரியும். வெக்கமா இருக்கு."

டீச்சருக்கு அவரைத் திட்ட வேண்டும்போல் இருந்தது. எத்தனையோ நாள் மனசுக்குள் திட்டியுமிருக்கிறார். ஆனால் அன்று வாயில் வந்தது வேறு.

"நானும்தான் படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டேன். நடுவர் கேட்டப்பவும் மழுப்பிட்டேன். இப்ப என்ன பண்ணலாம், அதைச் சொல்லுங்க."

அவர் துறைக்கு எழுதினார். விருது பெற்ற கட்டடத்தில் மாற்றம் செய்ய இயலாது என்று பதில் வந்தது. "விருது வாங்கினவனே கேக்கிறேன்" என்று மறுபடியும் எழுதினார். நேரில் போனார். மூன்று தடவை டீச்சரும் கூடப் போனார். அதிகாரிகளின் அறைகளில் மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் அவர் குரல் எழவில்லை. எழுதிக் கொண்டுபோய் வைத்தார். கணக்கு சார் தன் பங்குக்கு, இரண்டு கூடங்களின் டிக்டேஷன் தாள்களையும் பழைய கட்டடத்துத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டி, ஒரு மூட்டையாகக் கொடுத்தனுப்பினார். "நான் அப்பவே சொன்னேன்" என்ற வார்த்தையை அவர் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று டீச்சருக்குத் தோன்றிய நாட்கள் உண்டு.

பதினான்கு மாதம் கழித்து ஒரு கூடத்துக்கு மட்டும் அனுமதி வந்தது. கூரையில் பலகை, நடுவில் திரை. எந்தக் கூடம் என்று ஆசிரியர்களுக்குள் வாக்குவாதம் வந்தபோது, சின்னப் பிள்ளைகளின் கூடம் என்று டீச்சர் எழுதிக் கொடுத்ததை யாரும் எதிர்க்கவில்லை. வேலை முடிந்த அன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளே ஓடிவந்து அண்ணாந்து கூவிப் பார்த்தார்கள். கூவல் மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். பக்கத்துக் கூடத்தில்தான் நன்றாக எதிரொலிக்கிறது என்றார்கள்.

மற்ற இரண்டு கூடங்களுக்கான கோப்பு இன்னும் நகரவில்லை. டீச்சர் வகுப்புக்குத் திரும்பவில்லை. அதற்குமேல் குரல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேர்க்கைப் பதிவேடும் சான்றிதழும் பார்க்கும் மேசையை அவருக்குக் கொடுத்தார்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகளின் பெற்றோரிடம், விண்ணப்பத்தில் இல்லாத ஒரு கேள்வியை அவர் கேட்பார். "காது நல்லாக் கேக்குதா?"

பலகை வந்த வாரம் சனிக்கிழமை அவர் தையல்காரம்மாவின் வீட்டைத் தேடிப் போனார். ஒற்றை அறை. ஜன்னலோரம் மிஷின், தரையெங்கும் துணிக் கத்தரிப்புகள். தையல்காரம்மா எழுந்து நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டார்.

"உக்காருங்க டீச்சர். குரல் என்ன இப்படி ஆயிடுச்சு."

டீச்சர் பலகையைப் பற்றிச் சொன்னார். சின்னப் பிள்ளைகளின் கூடத்தில்தான் வந்திருக்கிறது, ஆனாலும் அவளுடைய வகுப்பை அங்கே மாற்றச் சொல்லிக் கேட்கலாம், திரும்ப அழைத்து வாருங்கள் என்றார். பிறகு, கேட்காமலேயே, கையெழுத்தைப் பற்றியும் சொன்னார். சொல்லி முடிக்க நேரமாயிற்று. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

தையல்காரம்மா கேட்டுக்கொண்டே ஒரு சட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் கடைசியில். "நான் வந்து கேட்ட அன்னிக்கும் தெரிஞ்சிருக்கு. இது சத்தத்தால, அவ மக்கு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் டீச்சர். அந்த ஆறு மாசம் நானும் அவளை அடிச்சேன்."

டீச்சர் குனிந்து, காலருகே கிடந்த துணிக் கத்தரிப்புகளைப் பொறுக்கினார்.

"அவ அங்க பழகிட்டா. இனிமே மாத்த வேண்டாம்" என்றார் தையல்காரம்மா. கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார்.

டீ கொதிக்கும்போது அந்தப் பெண் வந்தாள். நன்றாக வளர்ந்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று, பிறகு சுற்றிக்கொண்டு வந்து அவருடைய வலது பக்கத்தில், தன் இடது காது அவருக்கு நேராக இருக்கும்படி தரையில் உட்கார்ந்தாள். புதுப் பள்ளியில் பாடம் நன்றாகக் கேட்கிறதா என்று டீச்சர் கேட்டார். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்ந்து வந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் குனிந்து, அவள் காதருகே, இன்னொரு தடவை சொன்னார்.